நம்ம தெருவில் ஐந்து மாடி வருகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்னத் தெருவில் முப்பது வருடமாக இருக்கிறேன். முதலில் ஒரு தனி வீட்டின் பின்போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அப்புறம் இரண்டு மாடி ஃபிளாட். அதையும் இடித்துக் கட்டினார்கள். இப்போது ஐந்து மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறேன். குடியிருப்போர் சங்கத்தில் கொஞ்சம் வேலை செய்வதால், தெருவில் யார் வீட்டைப் பில்டரிடம் கொடுத்தாலும், யார் வீட்டுப் பக்கத்தில் பள்ளம் தோண்டினாலும் என்னிடம் வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே எழுதிவைத்தேன். பதில்கள் சென்னைக்கானவை. நான் பார்த்ததையும், விதிகளில் இருப்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1. மிட்-ரைஸ், மிட்-ரைஸ்னு சொல்றீங்களே, எத்தனை மாடி இருந்தா அந்தப் பேரு?

நம் ஊரில் கணக்கு எளிது. தரையில் கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட், அதற்கு மேல் நாலு அல்லது ஐந்து மாடி. பில்டர்கள் ‘ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ்’ என்பார்கள். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் வரை உள்ள கட்டடம் ‘உயரமான கட்டடம்’ என்ற வகைக்குள் வராது. அதற்கு முன் இந்த எல்லை 15.25 மீட்டர். மூன்று மீட்டர் கூடியதில் ஒரு மாடி கூடிவிட்டது. 18.30-ஐத் தாண்டினால் அகலமான சாலை, தீயணைப்பு ஏற்பாடுகள் என்று நிபந்தனைகள் அதிகம். அதனால் குறுக்குத் தெருக்களில் எல்லோரும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

2. இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப ஏன் வரிசையா இடிக்கிறாங்க?

இரண்டு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 4,800 சதுர அடி. மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்வது எஃப்எஸ்ஐ. அது 1.5 ஆக இருந்தபோது 7,200 சதுர அடி கட்டலாம். 2019 விதிகள் அதை 2 ஆக்கின. 9,600 சதுர அடி. சாலை 9 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் கட்டணம் செலுத்திப் பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கி இன்னும் கொஞ்சம் கூட்டலாம். பழைய வீட்டின் நாலு வாரிசுகளில் இரண்டு பேர் வெளிநாட்டில், ஒருவர் பெங்களூரில். ஆளுக்கொரு ஃபிளாட் கிடைக்கும் என்றால் ஜாயின்ட் வென்ச்சரில், அதாவது மனையைக் கொடுத்துப் பில்டர் கட்டுவதில் பங்கு வாங்கும் ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார்கள். வயதான காலத்தில் ஓட்டுவீட்டு ஒழுகலோடு போராட யாருக்கும் தெம்பில்லை என்பதும் உண்மை.

இப்போது தனி வீடுகளோடு பழைய ஃபிளாட்களும் சேர்ந்து இடிபடுகின்றன. முன்பு ஒரே ஒரு வீட்டுக்காரர் ‘மாட்டேன்’ என்றாலும் மறுகட்டுமானம் நின்றுவிடும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும் என்கிறது. அது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடங்களுக்கு இனி வரிசையாக வேலை வரும்.

3. அஞ்சு மாடி வந்தாலே தெரு செத்துப்போயிடும்ங்கிறாங்களே, உண்மையா?

உயரத்தின் மேல் பழி போடுவது தப்பு என்று நினைக்கிறேன். திருவல்லிக்கேணியிலும் சௌகார்பேட்டையிலும் மூன்று, நாலு மாடிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. அந்தத் தெருக்களில் ராத்திரி பத்து மணிக்கும் ஆள் நடமாட்டம் இருக்கிறது. கட்டடத்தின் கீழ்ப்பக்கம் முழுக்கக் கதவும் கடையும் படிக்கட்டுமாக இருப்பதுதான் காரணம். தெருவில் நடப்பவரின் கண்ணுக்குப் படுவது முதல் பத்தடி. அந்தப் பத்தடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், தெரு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

எங்கள் வரிசையில் முன்பு எட்டு வீடு. எட்டு இரும்பு கேட், எட்டுக் கோலம். சாயங்காலம் ஆறரைக்கு நடந்தால் ஒரு வீட்டில் குக்கர் விசில், அடுத்ததில் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் செருப்பு, அதற்கடுத்ததில் வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாட்டி. இன்று அந்த எட்டு மனையில் மூன்று கட்டடம். மூன்று பெரிய கேட். நடுவில் ஆள் உயரத்துக்கு மதில். மதிலில் மின்மீட்டர் பெட்டிகள். உள்ளே இருட்டில் கார்கள். அறுபதடி நடந்தாலும் ஒரு முகம் தென்படாது. மேலே முன்பைவிட நாலு மடங்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு கார் ஷெட் வந்துவிட்டது, அதுதான் விஷயம்.

4. கீழ கார் நிறுத்துறது நல்லதுதானே? இல்லேன்னா எல்லாம் தெருவுலதான் நிக்கும்.

நியாயமான கேள்வி. ஸ்டில்ட்டுக்கு ஒரு பெரிய நன்மையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்தவர்கள் கட்டிலும் பீரோவும் மிதக்கப் பார்த்தார்கள்; ஸ்டில்ட் வைத்த கட்டடத்தில் கார்கள்தான் மூழ்கின. அதற்குப் பிறகு தரைத்தளத்தில் வீடு வாங்கப் பலர் யோசிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தெருவில் வண்டி குறைந்துவிட்டதா? எங்கள் தெருவில் குறையவில்லை. ஒரு ஃபிளாட்டுக்கு ஒரு இடம் என்று ஒதுக்குகிறார்கள். இரண்டாவது காரும், விருந்தாளி காரும், தூணுக்கு நடுவில் திருப்ப முடியாத பெரிய காரும் வெளியேதான் நிற்கின்றன. போதாததற்கு, கேட்டுக்கு முன்னால் யாரும் நிறுத்தக் கூடாது என்பதால் ஒவ்வொரு கேட்டும் தெருவோரத்தில் பதினைந்து அடியைச் சொந்தமாக்கிக்கொள்கிறது. சிலர் சிமென்ட் தொட்டி வைத்துச் சங்கிலியும் கட்டிவிடுகிறார்கள். அந்த இடம் மாநகராட்சியுடையது. சங்கிலி கட்டும் உரிமை யாருக்கும் கிடையாது.

5. கீழ ரெண்டு கடை விட்டா தெரு நல்லா இருக்குமே. பில்டர் ஏன் செய்ய மாட்டேங்கிறார்?

கணக்கு அவருக்கு ஒத்துவராது. ஸ்டில்ட்டில் கார் நிறுத்தும் பரப்பு எஃப்எஸ்ஐயில் சேராது. அதே இடத்தில் ஒரு மளிகைக் கடை வைத்தால் சேரும். மேலே விற்கும் வீட்டிலிருந்து அந்தச் சதுர அடியைக் கழிக்க வேண்டும். கடை வந்தால் அதற்கும் பார்க்கிங் காட்ட வேண்டும். ஆகவே கட்டடத்தின் அடி காலியாகத்தான் இருக்கும் என்பது வரைபடம் போடும் முன்பே முடிவாகிவிடுகிறது. குடியிருப்புப் பகுதியில் அன்றாடத் தேவைக்கான சின்னக் கடைக்கு விதியில் இடம் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

வாங்குபவர்களும் ஒரு காரணம். ‘கீழே கடை இருக்கா? அப்போ கரப்பான் வரும், கண்டவனும் நிப்பான்’ என்று விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அவர்களே மறுநாள் காலையில் ஒரு கட்டு கொத்தமல்லிக்கு ஆரிய கவுடா ரோடு வரை ஸ்கூட்டரை எடுக்கிறார்கள்.

6. திண்ணை போச்சு, சரி. அதான் பால்கனி இருக்கே, அங்கேர்ந்து தெருவைப் பாக்கலாமே?

முதல் மாடி, இரண்டாம் மாடி பால்கனி என்றால் ஒத்துக்கொள்கிறேன். நான் முதல் மாடி. கீழே கீரைக்காரம்மா ‘அரக்கீரை, முளக்கீரை’ என்று குரல் கொடுத்தால் ‘முருங்கைக்கீரை இருக்காம்மா?’ என்று இங்கிருந்தே கேட்டுவிடுவேன். எதிர்வரிசை இரண்டாம் மாடி மாமி கயிற்றில் பிளாஸ்டிக் கூடையைக் கட்டி இறக்குவார். கூடையில் இருபது ரூபாய் நோட்டும், அது பறக்காமல் இருக்க ஒரு எலுமிச்சம்பழமும் இருக்கும். கீரை மேலே போகும். சில்லறை பாக்கி இருந்தால் நாளைக்கு. அந்த அம்மாவுக்கு மாமியின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்பது வரைக்கும் தெரியும்.

நாலாம் மாடிக்கு மேலே அந்தக் குரல் போனாலும் பதில் வருவதில்லை. ஏசி போட்டுக் கதவை மூடியிருப்பார்கள். முகம் அடையாளம் தெரியாது, சைகை புரியாது. அதோடு இப்போது கட்டும் பால்கனி பெரும்பாலும் மூன்றடி அகலம். வாஷிங் மெஷினின் வெளிக்குழாய், ஏசி அவுட்டோர் யூனிட், துணி காயப் போடும் கம்பி, புறாவுக்காக அடித்த வலை எல்லாம் போக, ஒரு நாற்காலி போட இடமிருக்காது. நாற்காலி கொள்ளாத பால்கனி தெருவுக்கு உதவாது.

7. ஆள் கூடினா நடமாட்டமும் கூடணும்தானே? எங்க தெரு ஏன் வெறிச்சோடிக் கிடக்கு?

கூட வேண்டும், எங்கெங்கே கூடுகிறது என்று கவனித்தேன். மாம்பலம் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் உள்ள தெருக்களில் காலை எட்டரைக்கு முன்பைவிட நல்ல கூட்டம். ரயிலில் போகிறவர்கள் நடக்கிறார்கள். நடக்கிறவர்கள் போகிற வழியில் டீ குடிக்கிறார்கள், பூ வாங்குகிறார்கள். ஸ்டேஷனிலிருந்து தள்ளி வந்தால், லிஃப்ட்டில் இறங்கி ஸ்டில்ட்டில் காரில் ஏறி வெளியே போய்விடுகிறார்கள். அவர்கள் தெருவில் கால் வைப்பதே இல்லை. ஐந்து வருடமாக எதிரே இருப்பவரை அவர் கார் நம்பரால்தான் எனக்குத் தெரியும் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அது மிகவும் உறுத்தியது.

வெறிச்சோடிக் கிடப்பது போலத் தெரிந்தாலும் ஒரு கூட்டம் புதிதாக வந்திருக்கிறது: டெலிவரி பையன்கள். மதியம் ஒரு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் எங்கள் கேட்டில் குறைந்தது இரண்டு பைக் நிற்கும். உட்கார இடமில்லை, நிழலில்லை, குடிக்கத் தண்ணீர் கேட்கச் சங்கடம். பாதி நேரம் லிஃப்ட்டையும் பயன்படுத்த விடுவதில்லை. இன்றைய தெருவில் அதிக நேரம் செலவிடுகிறவர்கள் இவர்கள்தான். இவர்களை மனதில் வைத்து யாரும் வாசல் கட்டவில்லை.

8. இஸ்திரி வண்டி, பூக்காரம்மா, செருப்பு தைக்கிறவர், இவங்கல்லாம் எங்க போவாங்க?

இதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எங்கள் தெருமுனை வீட்டு மதிலை ஒட்டி, பூவரச மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி இருபது வருடமாக நின்றது. கணவன் தேய்ப்பார், மனைவி வீடு வீடாகத் துணி எடுத்து வருவார். அந்த வீட்டை இடித்த அன்று காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். அங்கே ஒரு வாரம். ‘வாசல்ல கரி பறக்குது’ என்று அங்கிருந்தும் தள்ளச் சொன்னார்கள். ஒன்றரை வருடக் கட்டுமானத்தில் ஐந்து இடம் மாறினார்கள். கட்டடம் முடிந்ததும் பழைய இடத்துக்கு வந்தார்கள். அங்கே கார் ஏறும் ராம்ப் இருந்தது. மரமும் இல்லை.

இதில் வருத்தமான விஷயம், அவர்களுக்கு வேலை குறையவில்லை. ஒரு வீட்டுத் துணி வந்த இடத்தில் பத்து வீட்டுத் துணி வருகிறது. ஆட்கள் கூடியதால் வருமானம் கூடுகிறது. நிற்க ஆறடிக்கு நாலடி இடம் மட்டும் கிடைக்கவில்லை. தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014-லிருந்து இருக்கிறது. கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுக்க வேண்டும், வியாபாரிகள் இடம்பெறும் நகர விற்பனைக் குழுவின் பரிந்துரைப்படி இடங்களை முடிவு செய்ய வேண்டும், ஊர் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும் என்றெல்லாம் அதில் உள்ளது. உங்கள் தெருவில் நிற்பவரிடம் அந்த அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பிக்க உதவுங்கள். அட்டை இருந்தால் ‘இங்கே நிற்காதே’ என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

எங்கள் கதைக்கு முடிவு: இப்போது வண்டி எங்கள் கட்டட மதிலை ஒட்டி நிற்கிறது. சங்கக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, ‘வெள்ளிக்கிழமை புடவையை யார்கிட்ட குடுக்கப் போறீங்க?’ என்று கேட்டதும் முடிவாகிவிட்டது.

9. ராம்ப் போடாம கார் எப்படி மேல ஏறும்? தரை உயரமா இருக்கே.

ராம்ப் வேண்டும். அது மனைக்குள்ளே தொடங்கி மனைக்குள்ளே முடிய வேண்டும். கேட்டை நாலடி உள்ளே தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்படிச் செய்தால் உள்ளே ஒரு பைக் நிறுத்தும் இடம் குறையும் என்பதால், மதில் வரைக்கும் தரையை உயர்த்திவிட்டு, சரிவை வெளியே நடைபாதை மேல் இறக்குகிறார்கள். நடைபாதையில் 1.8 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவை வகுத்த அளவு. எங்கள் தெருவில் நாற்பது அடிக்கு ஒரு ராம்ப். மேடும் பள்ளமுமாக ஏறி இறங்க முடியாமல் கைத்தடி வைத்திருப்பவர்கள் நடுத்தெருவில் நடக்கிறார்கள். மழைநீர் வடிகாலின் மூடிமேலேயே சரிவைப் போட்டுவிடுவதால் தூர்வார ஆள் வந்தால் மூடியைத் திறக்கவும் முடியாது.

தரை ஏன் உயருகிறது என்பதற்கும் காரணம் உண்டு. சுரண்டாமல் தார்மேல் தார் போட்டுச் சாலையே உயர்ந்துகொண்டு வந்தது. அதற்குப் பயந்து புதுக் கட்டடம் இரண்டடி ஏற்றிக் கட்டும். மழை பெய்தால் தண்ணீர் பக்கத்துப் பழைய வீட்டு வாசலுக்குப் போகும். பழைய மேலடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். உங்கள் தெருவில் சாலை போடும்போது சுரண்டும் இயந்திரம் வந்ததா என்று வெளியே வந்து பாருங்கள். வராவிட்டால் அப்போதே கேளுங்கள். தார் காய்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. எங்கள் பகுதியில் லேக் வியூ ரோடு என்ற பேரைப் பாருங்கள். இன்று அங்கே ஏரி இல்லை. 1920-களில் அந்தப் பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். தண்ணீர் இன்னும் அந்தப் பக்கம்தான் போகப் பார்க்கும்.

10. இத்தனை ஃபிளாட்டுக்குத் தண்ணி எங்கேர்ந்து வரும்?

போர்வெல், மெட்ரோ வாட்டர், லாரி. கோடையில் விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் லாரி வந்து மோட்டார் போட்டால் தெருவே எழுந்துவிடும். இருபதடித் தெருவில் அது நிற்கும்வரை ஆட்டோகூடப் போக முடியாது. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது இது தினசரிக் காட்சி. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. புதுக் கட்டடத்தில் குழாயும் குழியும் நிச்சயம் இருக்கும். வருடா வருடம் புரட்டாசிக்குள் அந்தக் குழியை யார் சுத்தம் செய்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

11. மரம் போனதைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கிறாங்க.

நான் பேசுகிறேன். பழைய வீட்டில் முன்பக்கம் பத்தடி மண் இருந்தது. அதில் ஒரு வேம்போ மாவோ நின்று, அதன் பாதி நிழல் தெருவில் விழுந்தது. புதுக் கட்டடத்தில் சுற்றிலும் விடும் செட்பேக் இடம் முழுக்கக் கான்கிரீட், அடியில் சம்ப், செப்டிக் டேங்க், குழாய்கள். அங்கே பெரிய மரம் வேர்பிடிக்காது. தொட்டியில் அரளி வைப்பதோடு சரி. ஆகவே இனி நிழல் வேண்டுமென்றால் மரத்தைத் தெருவோரத்தில்தான் நட வேண்டும். தெருவோர மரம் பொதுச் சொத்து. கேட்டுக்கு இடைஞ்சல் என்று பில்டர் வெட்ட முடியாது, அனுமதி வேண்டும். வரைபடம் போடும் நாளிலேயே மரம் இருக்கும் இடத்தைக் குறித்து, கேட்டை அதற்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

கட்டடமும் நிழல் தரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடக்கு தெற்காக ஓடும் எங்கள் தெருவில், மேற்கு வரிசையில் ஐந்து மாடி வந்த பிறகு மூன்றரை மணிக்கே வெயில் தெருவை விட்டுப் போய்விடுகிறது. பிள்ளைகள் முன்பைவிட ஒரு மணி நேரம் முன்னதாக விளையாட இறங்குகிறார்கள்.

12. பசங்க விளையாட பார்க் ஒண்ணும் வரலையே? இவ்வளவு கட்டுறாங்க, இடம் விட வேண்டாமா?

மனை 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால்தான் பொதுத் திறந்தவெளிக்கு இடம் ஒதுக்கும் விதி வரும். அது பதின்மூன்று கிரவுண்டுக்கு மேல். நம் தெருவில் இரண்டு கிரவுண்டு, மூன்று கிரவுண்டாகக் கட்டுகிறார்கள். இப்படி இருபது கட்டடம் வந்து அறுநூறு பேர் கூடினாலும் ஒரு ஊஞ்சல் போட இடம் சட்டப்படி கிடைக்காது. பெரிய வளாகம் கட்டுகிறவர் தர வேண்டியதை, சின்னச் சின்னதாகச் சேர்ந்து அதே அளவு கட்டுகிறவர்கள் தர வேண்டியதில்லை. இந்த ஓட்டையை அடைத்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை தெருதான் மைதானம். ஸ்டில்ட்டிலும் விளையாட விடலாம், கார்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில். ‘நோ கிரிக்கெட்’ என்று பலகை மாட்டுகிற அசோசியேஷன்கள் ஒரு ரப்பர் பந்தையாவது அனுமதிக்கலாம்.

13. வாட்ச்மேன் இருக்கார், கேமரா இருக்கு. முன்னைவிட பாதுகாப்புதானே?

கேமரா நடந்ததைக் காட்டும். நடக்கும்போது ‘யாருப்பா அது?’ என்று கேட்க ஆள் வேண்டும். அந்த வேலையை முன்பு 3-ஆம் பதிலில் சொன்ன பாட்டி செய்தார். இன்று வாட்ச்மேன் செய்கிறார். எங்கள் வாட்ச்மேன் விழுப்புரம் பக்கத்துக்காரர். கம்பியால் கட்டிய கால் உள்ள பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டுக்கு வெளியே போட்டுத்தான் உட்காருவார். நாலு வீட்டுச் சாவி, ஆறு பார்சல், பக்கத்துக் கட்டடக் குழந்தையின் ஸ்கூல் வேன் நேரம் எல்லாம் அவரிடம். பூக்காரம்மா கூடையை அவர் பக்கத்தில் இறக்கிவைத்து இளைப்பாறுவார். எங்கள் தெருவில் திண்ணை என்று இன்று ஏதாவது இருந்தால் அது அந்த நாற்காலிதான்.

அவரை உள்ளே உட்காரச் சொல்லி அடிக்கடி புகார் வரும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஒரு மின்விசிறியும், கழிப்பறையும், மழைக்கு ஒரு தகரச் சரிவும் செய்து கொடுங்கள்.

14. நாங்க வீட்டை ஜாயின்ட் வென்ச்சருக்குக் குடுக்கப் போறோம். தெருவுக்காக என்ன கேக்கலாம்?

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டால் எல்லாம் கிடைக்கும். பின்னால் எதுவும் கிடைக்காது. நான் சொல்வது பெரும்பாலும் செலவில்லாதது. காருக்கு ஒரே கேட் போதும். அதோடு நடக்கிறவர்களுக்குத் தனியாக மூன்றடிச் சின்ன கேட். மதில் மூன்றடிக்கு மேல் கல் வேண்டாம், அதற்கு மேல் கம்பி. மின்மீட்டர், ஜெனரேட்டர், குப்பைத்தொட்டி மூன்றையும் தெருமுகத்தில் வைக்கக் கூடாது. படிக்கட்டும் லிஃப்ட்டும் பின்மூலையில் ஒளிந்திருக்காமல் முன்பக்கம் தெருவைப் பார்த்து வரட்டும். ஏறுகிறவர் இறங்குகிறவர் தெருவுக்குத் தெரிவார்கள். முதல் இரண்டு மாடிக்காவது நாற்காலி கொள்ளும் பால்கனி. ராம்ப் உள்ளே (9-ஆம் பதில்). வாசலுக்கு முன்னால் கோலம் போட நாலடிக்கு நாலடி சமதரை. இதைக் கேட்டபோது எங்கள் பில்டர் புரியாமல் பார்த்தார், அவர் மனைவிதான் விளக்கினார்.

ஒருவரே துணிந்தால் ஒரு சின்னக் கடைக்கும் இடம் விடலாம். நூறு சதுர அடி போதும். 5-ஆம் பதிலில் சொன்ன நஷ்டம் இருக்கிறது. வாடகை அசோசியேஷன் கணக்கில் வந்தால் மாதப் பராமரிப்புக் கட்டணம் குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் பங்காளிகள் யோசிப்பார்கள்.

15. அப்ப பழைய தனி வீடுகளே இருந்திருக்கலாம்ங்கிறீங்களா?

இல்லை. பழைய தெருவை நினைத்து ஏங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்துவிட முடியாது. யார் உள்ளே வரலாம், யார் திண்ணையோடு, யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதற்குச் சாதிக் கணக்கு இருந்தது. பின்போர்ஷனில் நாங்கள் இருந்தபோது கிணற்றடிக்குப் போகவே நேரம் பார்த்துப் போக வேண்டும். ஃபிளாட் வந்த பிறகு எங்கள் தெருவுக்கு வெவ்வேறு ஊர், மொழி, சாதி, மதக்காரர்கள் வந்தார்கள். ‘வெஜிடேரியன் மட்டும்’ என்று வாடகைக்குப் பலகை மாட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை; ஆனாலும் எட்டு வீட்டுக்காரர் முடிவு செய்த தெருவை இன்று நூறு வீட்டுக்காரர் முடிவு செய்கிறார்கள்.

ஊருக்கு நடுவில், ரயிலும் பள்ளியும் மருத்துவமனையும் நடக்கும் தூரத்தில் இருக்கும் இடத்தில் வீடுகள் கூடுவது நல்லது. இல்லாவிட்டால் இளம் குடும்பங்கள் கூடுவாஞ்சேரிக்கும் திருமழிசைக்கும் போய், தினமும் மூன்று மணி நேரம் பயணம் செய்ய வேண்டியிருக்கும். பக்கத்தில் அசோக் நகரிலும் கே.கே. நகரிலும் வீட்டுவசதி வாரியம் அந்தக் காலத்தில் கட்டிய மூன்று மாடிகளைப் போய்ப் பாருங்கள். திறந்த படிக்கட்டு, நடுவில் பொதுவெளி, கீழே தையல் கடை. வசதி குறைவு, பூச்சு உதிர்கிறது. ஆனால் படிக்கட்டில் எப்போதும் யாராவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். நெருக்கமாகக் கட்டுவதும் தெரு உயிரோடிருப்பதும் சேர்ந்தே நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது.

16. நம்ம ஊர்ல எவன் சார் நடைபாதையில நடக்கிறான்? செஞ்சு குடுத்தாலும் கடை போட்டுடுவாங்க.

பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகல நடைபாதை திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய் நின்று பாருங்கள். எதுவும் வாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்குகிற குடும்பங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். இடம் இருந்தால் நடப்பார்கள். கடை போடுவதைப் பற்றி 8-ஆம் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

17. எங்க அபார்ட்மென்ட் கட்டி முடிச்சாச்சு. மதில், கேட் எல்லாம் வெச்சாச்சு. இனிமே என்ன பண்ண முடியும்?

கொஞ்சம் செய்யலாம். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மதிலில் எட்டடி நீளத்துக்கு மேல்பாதியை இடித்து, மிச்சமிருந்த இடுப்பளவுச் சுவருக்கு வெளிப்பக்கம், எங்கள் மனைக்குள்ளேயே வருகிற மாதிரி ஒன்றரையடி உள்வாங்கி, ஒரு கடப்பைக் கல் பதித்தோம். முழங்கால் உயரம். மேலே மாடி பால்கனியே கூரை. ஒரு பல்பு, ஒரு தண்ணீர்ப் பானை. கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் ஏழு வீடு; ‘குடிகாரங்க வந்து உக்காருவாங்க’ என்றார்கள். ராத்திரி பதினொன்றுக்குப் பல்பை அணைப்பது என்று முடிவு செய்தோம். இதுவரை தொல்லை இல்லை.

காலை ஐந்தரைக்குப் பால் போடும் பையன் அதில்தான் பாக்கெட்டுகளை எண்ணிப் பிரிக்கிறான். பத்து மணிக்குக் கீரைக்காரம்மா. மதியம் டெலிவரி பையன்கள், ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு. நாலரைக்கு ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் தாத்தாக்கள் மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் எதிர்த்து ஓட்டுப் போட்ட வீட்டுக்காரர்கள். பானையை யார் நிரப்புவது என்பதற்கு லிஃப்ட் பக்கத்தில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறோம், ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வாரம்.